நாலு லட்சம் ஓடிய வண்டி

இது நிஜமாக நடந்தது. கதை கட்டிப் பிழைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், வியாபாரம் நன்றாகவே போகிறது. நம்பினால் நம்புங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்... சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

பேய் என்றால் நடு ராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவீர்கள். இது நடந்தது ஒரு சனிக்கிழமை மதியம் 1.40-க்கு. சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நான் கொஞ்சம் சுத்தக்காரன். லென்ஸில் யாராவது விரலை வைத்துவிட்டால் அதைத் துடைக்கும்வரை எனக்குப் பேச்சே வராது. காரும் அப்படித்தான். வெள்ளை செடான், புதிதாக வாங்கிப் பதினாறு வருஷம் ஆகிறது. சேற்றுச் செருப்போடு ஏறினால் மாமனாராக இருந்தாலும் இறக்கிவிட்டுவிடுவேன். ஒரு தடவை இறக்கியும் விட்டேன். அந்தக் கோபத்தில் மனுஷன் ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

இந்த வண்டியை விடாமல் ஓட்டியதற்குக் காரணம் என் தம்பி. அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஆறு வருஷமாக வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். ஆஸ்பத்திரி 58 கிலோமீட்டர் தூரம். விடியற்காலை நாலே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். கல்யாணம் ஆகாதவன், எங்களோடுதான் இருக்கிறான். என்னையும் இந்த வண்டியையும் நம்பித்தான் அவன் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

3,21,000 கிலோமீட்டரில் எஞ்சின் மண்டையைப் போட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால். "புது எஞ்சின் போடற காசுக்கு வேற வண்டியே வாங்கிடலாம் சார். பழைய இரும்புக் கடையில ஒண்ணு நல்லதா கிடக்கு, இறக்கிப் போட்டுடறேன்" என்றார் மெக்கானிக். எந்த வண்டியில் கழற்றியது என்று நான் கேட்கவில்லை. இருபது வருஷப் பழக்கம், அவர் சொன்னால் சரி என்று விட்டுவிட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது. அதற்கப்புறம் எண்பதாயிரம் கிலோமீட்டர், ஒரு நாள் ஒரு பொழுது நின்றதில்லை. மழையோ பனியோ, சாவியைத் திருகினால் பிடித்துக்கொள்ளும். "அண்ணிகூட எப்பவாவது உன்கிட்ட கோவிச்சுக்கறாங்க, இது கோவிச்சுக்கறதே இல்லையே" என்று தம்பி கிண்டல் செய்வான்.

போன மாசம்தான் அந்த வாடை ஆரம்பித்தது.

ஏ.சி. போட்டால் குப்பென்று வரும். வற்றிப்போன குட்டையின் அடியில் கிடக்கும் சேற்று வாடை. அதோடு இன்னொன்றும்... செத்தது எதுவோ. மிதியடிகளைக் கழுவினேன். சீட்டைக் கழற்றி வெயிலில் காய வைத்தேன். போகவில்லை. தினமும் காலையில் முன் கண்ணாடியின் உள்பக்கம் பழுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ படிந்திருக்கும். துடைத்த துணியைத் தொடவே கூசும். என் மனைவி இரண்டாவது நாளே, "கருமம், இனிமே இதுல நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எஞ்சின் எண்ணெயைப் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டியது பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. தண்ணீர் கலந்தால்தான் அப்படி ஆகும். நேராக மெக்கானிக்கிடம் போனேன்.

5.20. எண்ணெயை வடித்துவிட்டு ஃபில்டரைக் கழற்றினார். அது நாலு பக்கமும் மூடிய தகர டப்பா, உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம் இருக்கும். ரொம்ப ஓடிய வண்டி என்றால் அந்த டப்பாவை அறுத்து, காகிதத்தை விரித்துப் பார்ப்பார்கள். இரும்புத் துகள் இருந்தால் எஞ்சின் உள்ளே தேய்கிறது என்று அர்த்தம்.

அறுத்தார். செய்தித்தாளில் வைத்து விரித்தார். இரும்பு இல்லை. ஒவ்வொரு மடிப்பிலும் வெள்ளையாக ஏதோ சொருகியிருந்தது. திருப்புளி நுனியால் ஒன்றை நெம்பி எடுத்தார்.

நகம்.

வெட்டிப்போட்ட துண்டு இல்லை. முழு நகம். வேரோடு பிய்ந்தது. அடியில் ஊறிப்போன தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மடிப்பில் இன்னொன்று. சிலதில் சிவப்பு நகச்சாயம் திட்டுத் திட்டாக மிச்சம் இருந்தது. அவர் எண்ணிக்கொண்டே எடுத்து வைத்தார். பத்து.

நான் குழாயடிக்கு ஓடிப்போய்க் காலையில் சாப்பிட்டதுவரை எல்லாவற்றையும் எடுத்தேன்.

"இதுக்குள்ள ஒரு முடி போக வழியில்ல சார்" என்றார் மெக்கானிக். முகம் வெளுத்திருந்தது. "வண்டியை விட்டுட்டுப் போங்க."

"நாளைக்கு டயாலிசிஸ் இருக்கே."

புது எண்ணெய், புது ஃபில்டர் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஐந்து வாடகை வண்டிக்காரர்களிடம் பேசினேன். விடியற்காலை நாலே முக்காலுக்கு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நாலு மணிக்கு ஒரு பஸ் உண்டு, ஆனால் டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸில் திரும்பி வரும் தெம்பு அவனுக்கு இருக்காது. சீ என்று இருந்தது. ஆனாலும் எடுத்தேன், வேறு என்ன செய்வேன்?

போகும்போது ஒன்றும் இல்லை.

திரும்பும்போது மணி 1.12. டயாலிசிஸ் முடிந்தால் தம்பி துவண்டுபோவான், பின் சீட்டில் படுத்துக்கொள்வான். ஒருமுறை சாய்ந்தபோது கதவு திறந்துகொண்டதால், பின் கதவுகளை உள்ளிருந்து திறக்க முடியாதபடி பூட்டு போட்டு வைத்திருந்தேன். பின் ஜன்னல் கண்ணாடியும் ஒரு வருஷமாக இறங்குவதில்லை. பழைய வண்டி, சுவிட்ச் செத்துப்போச்சு.

1.36. டாஷ்போர்டுக்குள்ளிருந்து சத்தம்.

கிர்ர்... கிர்ர்...

கண்ணாடியை நகத்தால் பிறாண்டும் சத்தம்.

"எலியா அண்ணா?"

"ஒண்ணுமில்ல. தூங்கு."

1.40. ஏ.சி. காற்று நின்றது. அந்தத் துவாரத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டியது. என் முழங்காலில். வெதுவெதுப்பாக. அப்புறம் காற்று மறுபடி சீறியது. என் உதட்டில் ஏதோ வந்து ஒட்டியது.

துப்பினேன். மடியில் விழுந்தது.

சிவப்புச் சாயம் போட்ட நகம்.

எப்படி பிரேக் அடித்தேன், எப்படிக் கதவைத் திறந்தேன், தெரியாது. ரோட்டோரத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். கதவு தானாக மூடியது.

டக்.

நாலு கதவும் பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல, ஒரு பிசிறு இல்லாமல்.

ஜன்னலுக்குள் தண்ணீர் ஏறியது.

பழுப்பு. கலங்கல். சீட்டைத் தாண்டி... கண்ணாடியின் கால்வாசி... பாதி... வெளியே ரோட்டில் ஒரு சொட்டு இல்லை. தம்பி எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தான். வாய் அசைந்தது. அண்ணா.

கையால் குத்தினேன். காலால் உதைத்தேன். கண்ணாடி உடையவில்லை.

பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி ஓடி வந்தார்.

"உள்ளே யாராவது இருக்காங்களா?"

"என் தம்பி இருக்கான். கண்ணாடியை உடைங்க" என்று கத்தினேன்.

அவர் அசையவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் கத்தினேன்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினார். "முதல்ல வாயைக் கொப்பளிங்க சார். அவசரம் இல்ல."

அப்போது...

டப்.

தம்பியின் கை. உள்ளே, கண்ணாடியில்.

லாரி டிரைவர் திரும்பிப் பார்த்தார். பாட்டில் கீழே விழுந்தது. ஜாக்கிக் கம்பியை எடுத்துவந்து ஒரே போடு.

1.44. கண்ணாடி நொறுங்கியது. தண்ணீர் கொட்டவில்லை. சீட் காய்ந்து கிடந்தது. ஆனால் தம்பி மூக்குவரை நனைந்திருந்தான். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாதவன், வாய் வாயாகச் சேற்றுத் தண்ணீரைக் கக்கினான்.

லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். வழியில் டிரைவர் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"ஏங்க, ரெண்டு தடவை கேட்டேனே. 'யாரும் இல்ல, நான் மட்டும்தான்'னு சொன்னீங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க."

நான் தம்பியைப் பார்த்தேன். இவர் உளறுகிறார் என்று அவன் சொல்வான் என்று நினைத்தேன்.

"எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு அண்ணா" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தம்பி பிழைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான். என்னோடு பேசினான், சிரித்தான், ஆனால் அறைக்குள் போனதும் கதவைத் தாழிட்டுக்கொண்டான். அந்தத் தாழ்ப்பாளை அவன் போட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு நெஞ்சு வெந்துபோயிற்று. நான் அப்படிச் சொல்லவில்லை என்று அவனிடம் காட்ட ஏதாவது கிடைக்காதா என்று அந்த எஞ்சின் வந்த பழைய இரும்புக் கடையைத் தேடிப் போனேன்.

கடைக்காரர் மறைக்கவில்லை. அது ஏரியில் விழுந்த கார். ஓட்டியவர் மட்டும் ஜன்னல் வழியாக வெளியே வந்துவிட்டார். கரையில் கூட்டம் கூடிக் கேட்டிருக்கிறது. உள்ளே யாரும் இல்லை என்றாராம். அதனால் யாரும் இறங்கிப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் கிரேன் வைத்து வண்டியைத் தூக்கியபோது, பின் சீட்டில் அவர் மனைவி இருந்திருக்கிறாள். பத்து விரலிலும் நகம் இல்லை.

"எஞ்சின் நல்லா இருந்துச்சு. கழுவிக் காய வெச்சுக் கொடுத்தேன்" என்றார்.

"அவர் இப்போ எங்கே?"

"ஜெயில்ல. இன்னிக்கும் ஒரே பாட்டுத்தான் பாடறாராம். 'என் பொண்டாட்டி உள்ளே இருக்கான்னுதான் கத்தினேன், மூணு தடவை கத்தினேன்'னு. யார் சார் நம்புவா?"

நான் நம்புகிறேன். இந்த உலகத்தில் அவரை நம்பும் ஒரே ஆள் நான்தான்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்று விடாமல். பொறுமையாகக் கேட்டான். "சரி அண்ணா" என்றான்.

அடுத்த டயாலிசிஸுக்கு மச்சானின் காரைக் கேட்டு வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தேன். காலை நாலரைக்கு எழுப்பப் போனேன். கட்டில் காலியாக இருந்தது.

நாலு மணி பஸ்ஸில் போயிருந்தான். தனியாக.