ஹாரன் அடிக்காத லாரிகள்

அப்பாவின் லாரியில் பாட்டு ஹாரன் இருந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்குப் போகும் வண்டிகளில் அதற்கு ஈடான குரல் வேறு எதற்கும் கிடையாது என்பது இரண்டாம் வகுப்பு படித்த என் தீர்மானம். தெருமுனையில் அது இழுத்துப் பாடினால் சோற்றுக்கையோடு வாசலுக்கு ஓடுவேன். சாமி புறப்பாட்டுக்குக்கூட நான் அப்படி ஓடியதில்லை.

அந்த வருடம் சித்தி எங்கள் வீட்டில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு வாரமாகக் கல்லூரிக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்றாள், தலைவலி என்றாள், கடைசியில் படிப்பே வேண்டாம், ஊருக்கே போய்விடுகிறேன் என்றாள். அம்மா விடாமல் குடைந்ததில் விஷயம் வெளியே வந்தது. பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களைப் பார்த்ததும் லாரிகள் வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் ஒட்டிவந்து ஹாரனை இழுத்து அடிக்கின்றனவாம். ஒருவன் கதவைத் திறந்து, ஏறச் சொல்லிக் கையை நீட்டியிருக்கிறான்.

அப்பா சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிட்டார். எந்த வண்டி என்று சொல், அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்று குதித்தார். சித்தி தலையைத் தூக்கவில்லை.

"எல்லா வண்டியுந்தான் மாமா. ஒங்க வண்டியும் அடிச்சுது. மூஞ்சில துப்பட்டா சுத்தியிருந்தேன், ஒங்களுக்கு நான்னு தெரியல."

சிமெண்ட் தூசிக்குப் பயந்து எங்கள் பக்கத்துப் பெண்கள் கண் மட்டும் தெரிய முகத்தை மூடிக்கொண்டுதான் ரோட்டில் நிற்பார்கள். அப்பா எச்சில் கையோடு அப்படியே நின்றார். 

பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் ஹாரனைக் கழற்றினார். நான் ஊரைக் கூட்டி அழுதேன். வேறு வழியில்லாமல் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

ஆலைக்கு வெளியே எடை போட லாரிகள் வரிசையில் நிற்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் போய்க் குறுக்கே நிறுத்தினார் அப்பா. கத்திக்கொண்டு வந்த டிரைவர்கள் முன் கழற்றிய ஹாரனைத் தரையில் போட்டு, கொழுந்தியாளுக்கே அடித்த கதையைத் தன் வாயாலேயே சொன்னார். யாரோ சிரித்தார்கள்.

"தெரியாமத்தானே அடிச்சீங்க, வுடுங்கண்ணே" என்றார் ஒருவர்.

"தெரிஞ்ச பொண்ணுன்னா அடிக்க மாட்டோம்ல? அப்ப நாம பண்றது என்னன்னு நமக்கு நல்லாவே தெரியுதுடா."

 கதவைத் திறந்தவன் யார் என்று தெரியாமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்று அப்பா அதன் முன்பக்கத்தில் சாய்ந்து நின்றுகொண்டார். வெயிலில் வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டது. ஒரு ஆள் நின்றால் இத்தனை லாரிகளும் நின்றுவிடுமா என்று எனக்கு மெய்சிலிர்த்தது. கடைசியில் மற்றவர்களே ஒருவனை முன்னால் தள்ளினார்கள். அவன் வண்டிச் சாவி அன்றே முதலாளி கைக்குப் போய்விட்டது.

சித்தி மறுபடி கல்லூரிக்குக் கிளம்பிய காலையில் நானும் பஸ் ஸ்டாப் வரை போனேன். லாரிகள் வரிசையாக வந்தன. அவள் என் விரல்களை நொறுக்கிவிடுவதுபோல் பிடித்தாள். ஒவ்வொன்றாக எங்களைக் கடந்து போயின, ஒரு சத்தமில்லை. அப்பாவின் வண்டியும் போயிற்று. எனக்காகவாவது அந்தப் பாட்டு ஹாரனைத் திரும்ப மாட்டியிருக்கலாமே என்று எனக்குக் கோபம். கை வலிக்கிறது விடு சித்தி என்று சிணுங்கினேன்.

அதே ஸ்டாப்பில் முகத்தில் துப்பட்டா சுற்றி நின்று பஸ் ஏறித்தான் நானும் கல்லூரிக்குப் போனேன்; ஒரு லாரியும் ஹாரன் அடித்ததில்லை. எல்லா ஊர் ரோடும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். வேலைக்குப் போன வேற்றூரில் ஒருநாள், முதுகுக்குப் பின்னால் ஒரு லாரி வேகம் குறைந்து ஹாரனை இழுத்து அடித்தது. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு கையும் இல்லை. அப்போதுதான் என் விரல்கள் அன்று ஏன் அப்படி வலித்தன என்பது எனக்கு விளங்கியது.