சிப்பாயின் தலைக்கட்டு

1999 குளிர்காலம். வங்காளத்தில், டாக்குரியா மாடி வீட்டில், 1914-ஆம் ஆண்டு இந்தியச் சிப்பாயின் இரண்டு அங்குலப் பொம்மைக்கு அக்ரிலிக் வண்ணம் தீட்டினேன். பொத்தான்கூட அந்த ஆண்டுக்குரியதுதான். காயத்துக்குச் சுற்றிய வெள்ளைத் தலைக்கட்டின் மேல் நீர்த்த சிவப்பைப் பூச்சுமேல் பூச்சாக ஏற்றியதில் ரத்தம் அசலாகவே தெரிந்தது.

மாஷிமா, அதாவது பெரியம்மா, என்று நான் அழைக்கும் கீழ்வீட்டு அம்மாளிடம் பெருமையாகக் காட்டினேன். அவருடைய ஒரே மகன் அந்தக் கோடையில்தான் எல்லைப் போரில் இறந்திருந்தான். அதை நான் யோசிக்கவில்லை.

“இதைத் துடைச்சிடு பாபா,” என்றார் வங்க மொழியில், மகனை அழைப்பதுபோல.

“காய்ஞ்சா போகாது மாஷிமா. மேல வெள்ளை அடிக்கலாம்.”

“அடி. உட்கார்ந்திருக்கேன்.”

மூன்று முறை அடித்தேன். ஒவ்வொரு முறையும் காய்ந்ததும் சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. அவர் எழுந்து படியிறங்கிப் போனார்.

1914-இன் பொத்தானைத் தேடிப் பிடித்த நான், அவர் மகன் இறந்த தேதியைக் கேட்டதே இல்லை. இன்றும் எனக்குத் தெரியாது.