குரலுக்கு முதலிடம்

எட்டாவதோடு படிப்பை விட்டுப் பல ஊர் சுற்றியவன் நான். இப்போது புனே விஷ்ராந்த்வாடியில் ஓர் அறையில் நான்கு பேரோடு தங்கியிருக்கிறேன். உள்ளே சிக்னல் கிடைக்காது, பேசுவதெல்லாம் வைஃபையில்தான்.

அன்று ஊரிலிருந்து மனைவி போனில் அலறினாள். "பாப்பா மண்ணெண்ணெயக் குடிச்சிடுச்சுங்க! உப்புத்தண்ணி குடுத்து வாந்தியெடுக்க வைக்கிறேன்."

முன்பு ஆஸ்பத்திரியில் தரை துடைத்தபோது, அப்படிச் செய்து மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணறி வந்த குழந்தையைப் பார்த்திருக்கிறேன். "வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு ஓடு!" என்று கத்தினேன்.

"விட்டு விட்டுக் கேக்குதுங்க. டம்ளர் கையிலதான் இருக்கு."

பக்கத்தில் அறைத்தோழன் செல்வம் கல்யாண வீடியோவை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தான்; வைஃபை முழுவதையும் அதுவே இழுத்துக்கொண்டிருந்தது. அவன் போனைப் பிடுங்கி அணைத்தேன். அதன்பிறகுதான் என் குரல் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. டம்ளரை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். குழந்தை பிழைத்தாள்.

இப்போது வைஃபை தரும் ரவுட்டரில் அழைப்புகளுக்கு முதலிடம், மற்றதெல்லாம் பிறகு என்று மாற்றி வைத்திருக்கிறேன்.

"யாராவது பேசினா வீடியோ ஊர்ந்து போகுதுண்ணே" என்று செல்வம் சலித்துக்கொள்வான்.

"ஊர்ந்தே போகட்டும்டா."