ஜன்னலைப் பார்த்த டாக்டர்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி மூன்றும் இருந்தும், செம்மநத்தத்திலிருந்து தனியாகவே பஸ்ஸில் ஏற்காட்டுக்கு வைத்தியத்துக்குப் போவேன்.

அங்கே முன்பிருந்த டாக்டர் கோபக்காரர். போகும்போதெல்லாம் எனக்குப் பிரஷர் ஏறியிருக்கும். "மாத்திரைய நீ முழுங்கறியா, கோழிக்குப் போடறியா?" என்று கத்திவிட்டு, அளவைக் கூட்டி எழுதுவார். வீட்டில் அதைப் போட்டால் தலை சுற்றும். ஒருநாள் அடுப்படியிலேயே விழுந்தேன்.

பிறகு வந்தவர் ஒல்லியானவர், மெதுவாகப் பேசுவார். கூச்சமான சங்கதியைக் கேட்கும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். அன்றும் பிரஷர் ஏறியிருந்தது. பேனாவை எடுத்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு வெளியே பார்த்தார்.

"ஏனுங்கம்மா, பஸ்ஸுல வர்ற அன்னிக்கு மாத்திரை போடறதில்லீங்களா?"

அந்த மாத்திரையைப் போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வரும். மலை வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல முடியுமா? ஒருமுறை சேலை நனைந்து இறங்கியவள் நான். வெட்கத்தில் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பவே இல்லை, காத்திருந்தார்.

"ஆமாங்க," என்றேன்.

"அதுக்கென்னங்க. பஸ்ஸுல வர்ற அன்னிக்கு ஊட்டுக்குப் போயிப் போட்டுக்குங்க. பழைய அளவே போதும்."

எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதுனத வாசி சாமி. அந்தச் சேல நனஞ்ச எடம் வர்றப்ப நான் ஜன்னலப் பாத்துக்கறேன்.