நேப்பிள்ஸ் கரையில் இழுத்த வலை

ஐம்பதுகளின் நடுப்பகுதியில், ஒரு மே மாதக் காலை. இத்தாலியில், நேப்பிள்ஸ் வளைகுடாவின் தென்கரையில் ஒரு சின்ன மீனவர் கிராமம். அன்று மாலை நான்கு மணிக்கு நேப்பிள்ஸ் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் புறப்படும் கப்பலில் நானும் மனைவியும் ஏற வேண்டும்.

கிழக்கிலங்கையின் கல்முனையிலிருந்து நாங்கள் அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் மனைவிதான். முந்திய வருஷம் ஹஜ்ஜுக்குக் கப்பலில் போனபோது, இந்தக் கடலால் இன்னும் வடக்கே போனால் என்ன வரும் என்று கேட்டாள். அவளுடைய இறக்காமத்து வயலும் அந்தப் போகம் நன்றாக விளைந்தது. நான் கொழும்புப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவன். "பேப்பர்காரருக்கு விசர் புடிச்சிட்டு" என்று ஊரில் சிரித்தார்கள். நாங்கள் நேப்பிள்ஸில் இறங்கி ஜெனோவா, மார்சேய், பார்சிலோனா என்று ரயிலிலும் சிறு கப்பல்களிலும் ஏழு வாரம் ஆறுதலாகச் சுற்றினோம். இறைச்சியைத் தொடவில்லை. ரொட்டி, முட்டை, மீன், தோடம்பழம். எந்த ஊரில் இறங்கினாலும் மனைவி முதலில் பார்க்கப் போனது மீன் சந்தையைத்தான். சாய்ந்தமருதில் சொந்தத் தோணியும் வலையும் வைத்திருந்த சம்மாட்டியின் மகள் அவள்.

கடைசி இரண்டு நாள் தென்கரையில் தங்கிவிட்டு நாங்கள் நேப்பிள்ஸுக்குத் திரும்பிய பஸ் அந்தக் கிராமத்தில் கோப்பிக்காகக் கால்மணி நேரம் நின்றது. கடற்கரையில் பதினொரு பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கரைவலையேதான். எங்கள் பக்கத்தில் வலை இழுபடும்போது வழியால் போகிறவர் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. அவரும் கயிற்றைப் பிடிப்பார். பிடித்தவர், மீன் சேரும் மடி கரையேறும்வரை விடவும் மாட்டார். இடையில் விட்டுப் போவது வலைக்காரரை அவமதிப்பது. நான் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். முன்னால் நின்றவர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.

பஸ் ஹோர்ன் அடித்தது. மனைவி மணலில் ஓடிவந்தாள். என்னைக் கூட்டிப் போகத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"இஞ்ச பாருங்க, கயித்த உட்டுராதீங்க" என்றாள்.

"பஸ் போகப்போகுது. கப்பலுக்கு என்ன செய்ற?"

"மடி வராம உட்டுட்டுப் போனா எங்கட வாப்பாட முகத்தில எப்பிடி முழிக்கிற? அடுத்த பஸ்ஸில போவம். காலை ஊண்டி இழுங்க. பேனை புடிச்சி எழுதுற மாதிரி இரிக்கி."

சாரதி இன்னும் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துப் பார்த்தார். பிறகு எங்கள் பெட்டிகளைத் தெருவோரம் இறக்கி வைத்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

மடி கரையேற ஒரு மணி நேரம் பிடித்தது. சூடை மீனும் நெத்தலியும் துள்ளின. மீனைக் கும்பல் கும்பலாகப் பங்கிட்டபோது எங்களுக்கும் ஒரு கும்பல் வந்தது. மனைவி பெருமையோடு என்னைப் பார்த்தாள். அவர்களில் ஒருவர் யுத்தக் கைதியாக இந்தியாவில் இருந்தவர், ஆங்கிலம் தெரியும். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். நான்கு மணிக் கப்பலைச் சொன்னேன்.

"அடுத்த பஸ் மாலை ஆறு மணிக்கு" என்றார்.

ஊரெல்லாம் கேள்வி கேட்டு எழுதுகிறவன், அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தேன். அடுத்த கப்பலுக்கு மூன்று வாரம் இருந்தது. அதுவரை தங்கச் செலவுக்கு வழியில்லை. மனைவியின் முகம் வாடிவிட்டது. "நான்தானே இழுக்கச் சொன்ன" என்றாள்.

ஆங்கிலம் தெரிந்தவர் போய்த் தங்கள் தலைவரிடம் கதைத்தார். தலைவர் வெயிலை அண்ணாந்து பார்த்தார். கரையில் கட்டியிருந்த இயந்திரப் படகைக் காட்டினார். பக்கத்து ஊரில் விற்கிற மீனை அன்றைக்கு நேப்பிள்ஸில் விற்பதாக முடிவாயிற்று.

மனைவி படகருகே வந்து நின்றுவிட்டாள். எங்கள் கரையில் மீன்பிடித் தோணியில் பெண்களை ஏற்றுவதில்லை. "பொம்புள ஏறினா இவங்களுக்குக் குறையில்லையா? கேளுங்க" என்றாள். கேட்டேன். தலைவர் சொன்ன பதிலைக் கைதியாக இருந்தவர் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார்: "எந்தப் பெண்ணும் ஏறலாம், என் மாமியாரைத் தவிர."

மனைவி முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, படகின் முன்நுனியில், முன்னணியத்திலேயே போய் உட்கார்ந்தாள். நீர் தெறித்து முகமெல்லாம் நனைந்தது. "வாப்பா ஒரு நாளும் ஏத்தல்ல. இத்தாலிக்காரன் ஏத்திட்டான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

வழியில் நான் நன்றி சொன்னேன். உங்கள் வேலையில் நாங்களும் ஒரு கை கொடுத்தது திருப்தி என்றும் சொன்னேன். கைதியாக இருந்தவர் கொஞ்சம் தயங்கினார்.

"எங்களுக்கு ஆள் போதும். நீங்கள் தாளம் தப்பி இழுத்தீர்கள். அதனால்தான் வலை பிந்தியது."

"ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இழுத்துக்கொண்டிருந்தீர்கள்."

மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "நான் அப்பவே கண்டன்" என்றாள்.

மூன்று மணிக்குச் சற்று முன்னர் கப்பலின் ஏணியடியில் எங்களை இறக்கினார்கள். எங்கள் பங்கு மீனைத் தாளில் சுற்றி மனைவியின் கையில் கொடுத்தார்கள். அன்றிரவு கப்பலின் கோவாக்காரச் சமையற்காரர் அதை மிளகாய் போட்டுப் பொரித்துத் தந்தார்.

நான் உதவி செய்ததாக நினைத்த அந்த ஒரு மணி நேரமும் உதவி பெற்றுக்கொண்டிருந்தவன் நான்தான். இன்றைக்கும் என் வேலையில் யாராவது தெரியாமல் ஆசையோடு கை வைத்தால், திருத்தப் போகாமல் சற்றுத் தள்ளி நின்று இடம் விடுகிறேன்.