அஸ்திப் படகின் சாவி

கோலசிலாங்கூர் படகுத்துறையில் குமுதாவின் முகம் எல்லாருக்கும் தெரியும். குரல்தான் பலருக்குத் தெரியாது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தோட்டத்து வேலைக்குப் போனவள். கல்யாணத்துக்குப் பிறகு கணவன் சுகுமாறனின் படகுதான் அவளுக்கும் வேலையிடம். அஸ்தி கரைக்க வரும் குடும்பங்களை ஆறு கடலில் சேரும் இடத்துக்கு ஏற்றிப்போவதுதான் முக்கியப் பிழைப்பு. அழுகிற பெண்களைக் கைபிடித்து ஏற்றுவாள், பூத்தட்டைப் பிடித்துக்கொள்வாள். பேசமாட்டாள்.

இரண்டு மாதமாக அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறியைத் தூண்டும் பாயிண்ட் அடிக்கடி தேய்கிறதென்று, செரண்டாவில் பட்டறை வைத்திருக்கும் உமாபதி அதைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினான். சாவியைத் தொட்டதுமே இன்ஜின் பிடித்தது. ஆனால் அஸ்தியைக் கரைத்துவிட்டுத் திரும்பும் நேரத்தில் மூன்று முறை கிளம்ப மறுத்துவிட்டது. கடைசி முறை கடல் வற்றும்போது இறங்கும் நீர் படகை இழுத்துப்போய்ச் சேற்றுத் திட்டில் ஏற்றியது. அந்தப் படகை ஏதோ பிடித்திருக்கிறது என்று தோட்டங்களில் பேச்சு கிளம்பிவிட்டது. இன்னொரு முறை நின்றால் ஒருவரும் ஏறமாட்டார்கள்.

உமாபதி மூன்று தடவையும் வந்தான். வயர்களை இழுத்துப் பார்த்தான், துருப்பிடித்த எர்த்தைச் சுரண்டி மாட்டினான், தீப்பொறிக்குக் கரண்ட் தரும் கொயிலையே மாற்றினான். கரையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டும் குறை தெரியவில்லை. ஊர் சுற்றிப்பார்க்க வருகிறவர்களை ஏற்றினாலும் மக்கர் செய்வதில்லை. அஸ்தி ஏற்றும் நாளில் மட்டும்தான் மக்கர் செய்கிறது என்று குமுதா மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

“இன்ஜினுக்கு எப்படிக்கா தெரியும், யாரு ஏறியிருக்காங்கன்னு? அது என்ன, துக்கம் விசாரிக்குதா?” என்று உமாபதி சிரித்தான். சுகுமாறனும் சிரித்தான். அவள் பூத்தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை கலும்பாங்கிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கடலை எட்டியதும் சடங்குக்குச் சத்தம் ஆகாதென்று சுகுமாறன் இன்ஜினை நிறுத்தினான். பிறகு வழக்கம்போலச் சாவியை மறுபடி பாதி திருப்பி வைத்தான். அடியில் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்புக்கு அந்தச் சாவி வழியாகத்தான் கரண்ட். அவன் முன்பக்கம் போய்விட்டான்.

குமுதா சாவியையே பார்த்தாள். இப்படித் திருப்பி வைப்பது அஸ்தி நாளில் மட்டும்தான்; மற்ற நாளில் நடுவழியில் இன்ஜினை நிறுத்துவதே இல்லை. கையிலிருந்த பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கொயில் பக்கம் கையை நீட்டினாள். விரலைச் சுட்டது. ஓடாத இன்ஜினில் இது ஏன் கொதிக்கிறது?

சாவியை அணைத்தாள். பம்பும் நின்றது. தண்ணீர் பலகைக்கு மேல் எட்டிப் பார்த்தது. டின்னை எடுத்து இறைக்கத் தொடங்கினாள்.

“என்னடி பண்றே? பம்பைப் போடு,” என்று சுகுமாறன் பல்லைக் கடித்தான்.

“போடமாட்டேன். சாவி தொறந்திருந்தா கொயில் கொதிக்குது. நீங்க சடங்கை முடிங்க, நான் இறைக்கிறேன்.”

அத்தனை பேர் முன்னால் தன் குரல் அவ்வளவு உரக்க வந்தது அவளுக்கே புதிது. கை மட்டும் நிற்கவில்லை. இறந்தவரின் மகள் ஒன்றும் கேட்காமல் ஒரு வாளியை எடுத்து எதிரே குந்தினாள்.

இருபது நிமிடம் கழித்துச் சுகுமாறன் சாவியைத் திருப்பினான். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது. அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

திரும்பும் வழியில் உமாபதிக்குப் போன் போட்டான். இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் திறந்திருந்தால் கொயிலுக்குக் கரண்ட் பாய்ந்துகொண்டே இருக்கும், சூடேறினால் அது தீப்பொறி தராது, முன்பு கரண்டைக் குறைத்துக் கொடுத்த ரெசிஸ்டரைப் புது இக்னிஷன் மாட்டும்போது தானேதான் கழற்றிப் போட்டதாக உமாபதி ஒப்புக்கொண்டான். அக்காவிடம் கொடுக்கச் சொன்னான்.

குமுதா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

“பம்புக்குத் தனியா சுவிட்ச் வேணும் தம்பி. இன்னிக்கே வந்துருங்கலா. திங்கக்கிழமை இன்னொரு குடும்பம் வருது.”