நான்கு பேர் சாமானோடு ஒரு பழைய பிக்கப்

கெலுகோரில் தனியாக இருக்கிறேன். என்னுடைய நான்கு சிலிண்டர் டீசல் பிக்கப் கொஞ்ச காலமாக மேடு ஏறத் திணறியது. பவரைக் கூட்டலாமென்று புக்கிட் தெங்காவில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

"பம்ப்புல டீசல கூட்டி விடறேன் அண்ணே. ஆனா எஞ்சின் சூட்டக் காட்டுற முள்ள பாத்துக்கிட்டே ஓட்டணும் லா," என்றார் மெக்கானிக்.

அடுத்த ஞாயிறு நிபோங் திபால் பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்டத்து மண்பாதையில் ஏறினேன். வண்டி பறந்தது. அந்தச் சந்தோஷத்தில் முள்ளை மறந்தேன். பாதி மேட்டில் கரும்புகை. பிறகு போனட்டிலிருந்து ஆவி. எஞ்சினை நிறுத்தினேன். போனில் லைன் இல்லை. நான் அங்கே போனது ஒருவருக்கும் தெரியாது. அப்போதுதான் பயம் பிடித்தது.

தண்ணீர்க் கேன் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. ஸ்பேர் டயர்கள், பெரிய கூடாரம், அடுப்பு, ஐஸ் பெட்டி, நான்கு மடக்கு நாற்காலிகள் என்று எல்லாவற்றையும் பாதையில் இறக்கினேன். அந்த வழியே வந்த, தோட்டத்தில் வேலை பார்க்கும் செல்வம் என்பவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"கேம்பிங்கா அண்ணே? மத்தவங்க எங்க?"

முன்பெல்லாம் கூட வந்த மூன்று நண்பர்களும் வேலை, பிள்ளைகள் என்று ஊர் மாறிப்போய் வருடங்களாகின்றன. அவர்கள் சாமானை வண்டியிலிருந்து நான் எடுத்துவைக்கவே இல்லை.

எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற அவரே உதவினார். பிறகு மெக்கானிக்கிடம் பம்ப்பைப் பழையபடி வைக்கச் சொல்லிவிட்டேன். சாமானை வீட்டில் இறக்கியபின் வண்டி அதே மேட்டைத் திணறாமல் ஏறுகிறது.

இப்போதெல்லாம் கிளம்புமுன் எந்தப் பாதை என்று செல்வத்திடம் போனில் சொல்லிவிடுகிறேன். வண்டியில் நாற்காலி மட்டும் இரண்டு வைத்திருக்கிறேன்.